ஒரு தட்டு, ரெண்டு தட்டு

2006-ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். கொல்லிமலையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்த சிறிய மருத்துவமனையில் நடந்தது இது. நான் அந்த நிறுவனத்தின் நாமக்கல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். கற்றது கைமண் அளவு, தலைக்கனம் மட்டும் மலையளவு.

மழை பிடித்தால் மலையில் தரைவழி போன் செத்துவிடும். செல்போன் சிக்னல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே போவார். மற்ற நாட்களில் அங்கிருக்கும் நர்ஸ் அவரிடம் போனில் கேட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும். அதனால், டவர் வைத்து ஏற்கெனவே கொடுத்திருந்த இணைய இணைப்பிலேயே இன்டர்நெட் போன் போடும் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்த இணைப்போ ரொம்ப ஒல்லி. குரலைச் சுருக்கி மடித்து அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். இருப்பதிலேயே குறைவாக இடம் பிடிக்கும் கோடெக்கைத் தேர்ந்தெடுத்தேன். போதாததற்கு, யாரும் பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் ஒரு வசதியையும் போட்டுவிட்டேன். "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சோதித்துப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மலைக்கு மருந்து அனுப்பிவைக்கும் அக்கா ஒருவர், மேலே இருக்கிற நர்ஸுக்கு வரவர மரியாதையே தெரியவில்லை என்று குறைப்பட்டார். முன்பெல்லாம் "அனுப்புங்க" என்று கேட்டவர் இப்போது "அனுப்பு" என்கிறாராம். மரியாதை என் டிபார்ட்மென்ட் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனேன். அந்த நர்ஸும் இரண்டு மூன்று தடவை, சரியாகக் கேட்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். தணிந்த குரலில், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு நாள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்த டாக்டர் அறையைக் கடந்து போகும்போது, அவர் பேனாவால் போனைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரேடியோவையும் டிவியையும் தட்டித் தட்டியே ஓட்டிய ஊர்தானே நம்முடையது? அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, மேலே இருக்கும் கருவி மக்கர் செய்கிறது என்று நானே முடிவு கட்டி, புதுப் போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எரிச்சலோடுதான் இறங்கினேன்.

உள்ளே போனபோது நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மலையிலேயே இருக்கும் திருப்புலி நாட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எதிரே ஒரு அம்மா மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, நல்ல காய்ச்சல். போன வருடம் இதே குழந்தைக்கு ஏதோ ஒரு ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியதாம். எந்த ஊசி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. குறிப்பெல்லாம் நாமக்கல்லில் டாக்டரிடம் இருந்தது. இப்போது கையில் இருக்கும் ஊசியைப் போடலாமா, கூடாதா? அதைக் கேட்கத்தான் போன்.

"இதுல பாதிப் பேச்சு வாரதில்லீங்க அம்மிணி" என்றார் நர்ஸ் என்னைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது. நானே எட்டி ஸ்பீக்கரைப் போட்டேன். டாக்டருக்கு இயல்பிலேயே மெல்லிய குரல், பேசி முடிக்கும்போது இன்னும் இறங்கிவிடும். குறிப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது: "அந்த ஊசிய இந்தக் கொழந்தைக்குப் போட்டுர..."

"நல்லாத்தானே கேக்குது? போடச் சொல்றார் சிஸ்டர்" என்றேன்.

அவர் போன் பக்கம் குனிந்தார். "டாக்டருங்க, போடோணும்னா ஒரு தட்டு. வேண்டாம்னா ரெண்டு தட்டுங்க."

டொக். டொக்.

நர்ஸ் ஊசி மருந்தைத் திரும்ப அலமாரியில் வைத்தார். டாக்டர் சொன்னது "போட்டுராதீங்க". நான் அதை "போட்டுருங்க" என்று ஆக்கிவிட்டேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

நான் மிச்சம் பிடிக்கப் போட்ட வசதி, குரல் தணிந்தாலே பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து வெட்டியிருக்கிறது. நம் பேச்சிலோ மரியாதையும் மறுப்பும் வார்த்தையின் வாலில்தான் இருக்கின்றன. மருந்து அக்காவுக்குக் கேட்காமல் போன "ங்க"வும் அப்படிப் போனதுதான். டாக்டரும் நர்ஸும் முதல் வாரமே இதைக் கண்டுகொண்டு, வெட்டுப்படாமல் சத்தமாக விழும் தட்டு முறையைப் பேசி வைத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நர்ஸின் குரலில் கோபமே இல்லை. "சொன்னனுங்களே அம்மிணி, மூணு வாட்டி."

அன்று மத்தியானமே அந்த வசதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, குரலை முழுசாக அனுப்பும் கோடெக்குக்கு மாற்றினேன். போன் பேசும்போது இன்டர்நெட் நொண்டியது. நொண்டட்டும் என்று விட்டுவிட்டேன். மருந்து அக்காவைப் போனில் கூப்பிட்டு "போட்டுருங்க, போட்டுராதீங்க" என்று சொல்லச் சொன்னேன். "எதையுங்க போடறது?" என்று சிரித்தார். கடைசி "து" வரைக்கும் கேட்டது. ஆனாலும் நர்ஸ் தட்டச் சொல்வதை விடவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

புதுப் போனை அப்படியே பையில் திரும்பக் கொண்டுவந்தேன். இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் போன் போட்டாலும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித்தான் சோதிக்கிறேன். கூடவே, யாராவது தணிந்த குரலில் ஏதாவது சொன்னால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்கிறேன். தணிந்த குரலைப் பேச்சே இல்லை என்று தள்ளியதில் அந்தக் கருவிக்கு முன்னோடி நான்தானே.