வல்லாரை லேகியத்தில் வெல்லம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாதுங்காவில் எங்கள் கட்டிடத்துக்காரர்கள் நோயாளியைப் பார்க்க வெறும் கையோடு வந்தாலும், மருந்து ஒன்று சொல்லாமல் திரும்பமாட்டார்கள். என் மாமனாருக்கோ நீரிழிவு, மறதி என்று வியாதி இரண்டு. கேட்கவேண்டுமா? நாவற்கொட்டைப் பொடி, ஆவாரம்பூக் கஷாயம், பாகற்காய்ச் சாறு என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை. இடித்து அரைத்துச் செத்தவள் நான்.

அதைக் குடிக்கவைப்பது அதைவிடக் கஷ்டம். டம்ளரைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்வார். பாதிச் சாறு என் புடவையில்தான் போகும். டாக்டர் ஊசி போடலாம் என்றார். என் கணவர், இந்த வயதில் ஊசி எதற்கு, பச்சிலையே போதும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ரயிலேறிவிடுவார். கால் கட்டைவிரலில் வந்த புண்ணோ ஆறவேயில்லை. இப்படியே போனால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மாமனாரின் சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அது செங்கல் நிறமாகும், அவ்வளவு சர்க்கரை. வீட்டில் என்னதான் கொடுக்கிறாய் என்று என்னைத்தான் முறைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செம்பூரிலிருந்து என் நாத்தனார் வாராவாரம் வருவாள். அப்பாவின் ஞாபகசக்திக்கென்று வல்லாரை லேகியம் கிளறிக்கொண்டு வருவாள். அதை மட்டும் அவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவார். கொடுக்கிற விதத்தில் கொடுத்தால் சாப்பிடுகிறார் பாருங்கள் என்று எனக்கு ஒரு குத்து வேறு. ஒருநாள் அந்த ஜாடியை வழித்து நாக்கில் வைத்தேன். அசல் வெல்லப்பாகு. ரேஷன் காலத்தில் அவ்வளவு வெல்லத்தை எங்கே பிடித்தாளோ!

அடுத்த தடவை அவள் வந்ததும் கேட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"மருந்துல சேர்த்த வெல்லமும் மருந்துதானே மன்னி? அதுக்கு ஏது தோஷம்?"

கட்டிடமே அவள் பக்கம். பி.ஏ. படித்த என் கணவரும் சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்றார். எந்த சாஸ்திரம் என்று கேட்டேன், பேப்பரைப் பிரித்துக்கொண்டார். போதுமடா சாமி என்று ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாத்தனார் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை பாகற்காய்ச் சாற்றோடு மாமனாரிடம் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ யாராத்துப் பொண்ணும்மா? பார்த்தா நல்லவளா இருக்கே. அந்த லேகியம் கொஞ்சம் எடுத்துத் தாயேன். என் மாட்டுப்பொண் ராட்சசி, பூட்டி வெச்சுட்டா."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறவள் நான். அழுதால் யார் பார்க்கப்போகிறார்கள்?

"அவ மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. வரதுக்குள்ள முதல்ல இதைக் குடிச்சுடுங்கோ" என்றேன்.

பல்லைக் கடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் மடமடவென்று குடித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். என்னையே மறந்த மனுஷர், அந்தப் பாழாய்ப்போன லேகியத்தை மட்டும் மறக்கவில்லை.