சம்பள வரிசையில் ஆடிய கிரிக்கெட்

எட்டு ஆட்டம் ஆடினோம். எட்டிலும் தோற்றோம். மழை வந்து பாதியில் நின்றுபோன ஆட்டம் என்று ஒன்றாவது இருந்திருக்கலாம். பினாங்கில் நினைத்தபோதெல்லாம் கொட்டுகிற மழை, அந்த வருடம் சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு இரக்கம் காட்டவில்லை.

ஏன் தோற்றோம் என்று கேட்டால் எங்கள் கேப்டன் பிட்ச் சரியில்லை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே பிட்சில்தானே எதிரணிக்காரனும் ஆடினான்? இதை அன்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்களில் ஒருவனுக்கும் தைரியம் இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு எழுபது வயதாகிவிட்டது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

முதல் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடற்கரைத் தெருவில் ஒரு ஆபீசில் நான் கிராணி. அந்த நாளில் மலாயாவில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்றுதான் பெயர். கிராணிகளாகிய நாங்கள் சேர்ந்து ஒரு கிரிக்கெட் கிளப் வைத்திருந்தோம். பாடாங் மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடாத சனிக்கிழமைகளில் ஒரு மூலையை எங்களுக்கு விட்டுக் கொடுப்பார்கள். ஆபீசில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய கிராணிதான் கிளப்பிலும் கேப்டன். அவர் கேப்டன் ஆனது ஆட்டத் திறமையால் அல்ல. எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் வருடக் கடைசியில் எங்கள் ஆபீஸ் துரைக்கு ரகசியக் குறிப்பு எழுதுகிறவர் அவர். வேறு யார் கேப்டன் ஆக முடியும்?

அது போகட்டும். கேப்டனாக இருந்துகொண்டு சும்மா நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்போம். ஆபீசில் சம்பளப் பட்டியல் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில்தான் பேட்டிங் என்று அவர் ஒரு சட்டம் வைத்தார். முதலில் அவர். அடுத்து இரண்டாவது கிராணி, முழங்கால் வாதக்காரர். ஒரு ரன்னுக்குக் கூப்பிட்டால் பாதி தூரம் வந்து நின்று மூச்சு வாங்குவார். மூன்றாவது கிராணிக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பந்து தெரியாது, கண்ணாடி உடைந்துவிடுமே என்ற பயத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆடுவார். நான் ஏழாவது. கிளப்பின் செயலாளரும் நானே என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் இந்த வரிசையை என் கையால் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுவேன்.

பந்து போடுவதும் இதே வரிசைதான். புதுப் பந்து பெரிய கிராணியின் கைக்குப் போகும். குரங்கு கையில் பூமாலை. மேலே தூக்கிப் போடுவார், அது ஆடி அசைந்து இறங்கும், எதிரணிக்காரன் இரண்டு எட்டு முன்னால் வந்து கடல் பக்கமாக அடிப்பான். பாடாங் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் அவர் நானா, ஒருமுறை மலாயா வழக்கப்படி 'லா' போட்டு என்னிடம் கேட்டார்:

"என்ன தம்பி, ஒங்க கேப்டன் பந்து போடுறாரா, பிச்ச போடுறாரா? வர்றவன் எல்லாம் வாங்கிக்கிட்டுப் போறான் லா."

சிரித்தேன். உள்ளே எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம், எங்களிடம் ஒரு நல்ல பந்துவீச்சாளர் இருந்ததுதான். எங்கள் ஆபீசின் பியூன் அவர். அந்தக் காலத்து ஆபீஸ்களில் பியூனைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். தலை நரைத்தவராக இருந்தாலும் தம்பிதான். இவருக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். மைதானத்தில் வலை கட்டவும் ரோலர் இழுக்கவும் வந்துகொண்டிருந்தவரை, ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்ததால் பதினோராவது ஆளாகச் சேர்த்தோம். வெறுங்காலில் ஓடி வந்து அவர் போட்ட முதல் பந்தில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது. எல்லோரும் கை தட்டினோம். பெரிய கிராணி மட்டும் தட்டவில்லை.

சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. ஆகவே பந்தும் அவருக்குக் கடைசியில்தான் வரும். பாதி ஆட்டங்களில் வராமலே போனது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம்.

ஆறாவது ஆட்டம் நிபோங் திபாலில், ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணிகளோடு. அவர்கள் ஜெயிக்க நான்கு ரன் பாக்கி இருக்கும்போதுதான் பெரிய கிராணி பந்தை இவரிடம் கொடுத்தார். இரண்டு பந்தில் இரண்டு விக்கெட். மூன்றாவது பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் ஓடி நான்கானது, ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு பந்தும் அந்தத் தோட்டத்தில் ஒரு வாரம் பேச்சாக இருந்திருக்கிறது.

அந்தத் தோட்டத்துத் துரைக்குக் கிரிக்கெட் பைத்தியம். அன்று அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்து கேள்விப்பட்டு, கிளப் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டாவது ஆட்டத்தன்று பினாங்கு வருகிறேன், இரண்டு பந்தில் இரண்டு விக்கெட் எடுத்த அந்த ஆளைப் பார்க்க வேண்டும், என் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி வேலை காலியாக இருக்கிறது, நான் கேள்விப்பட்டபடி பந்து போட்டால் வேலை அவனுக்கு, வீடும் உண்டு என்று இருந்தது.

ஆபீஸ் பின்கட்டில் வைத்துக் கடிதத்தைப் பியூனுக்குப் படித்துக் காட்டினேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், ஆங்கிலம் ஓரளவு புரியும். ஆனாலும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"வீடுன்னா தனி வீடா அண்ணே?"

"கிராணி வீடு. ரெண்டு ரூம் இருக்கும்."

"ஸ்டோர் கிராணின்னா... அப்ப யாரும் தம்பின்னு கூப்பிட மாட்டாங்க, இல்ல?"

கூப்பிட மாட்டார்கள் என்றேன். அதன் பிறகு இரண்டு வாரம் அவர் தினமும் வேலை முடிந்து பாடாங்குக்குப் போய், ஒரு ஒற்றைக் குச்சியை நட்டு, தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். சில நாள் நான் பந்து பொறுக்கிக் கொடுத்தேன்.

இனி நான் செய்த முட்டாள்தனம். எந்தக் கடிதம் வந்தாலும் பெரிய கிராணியிடம் காட்டி, ஓரத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். பத்து வருட ஆபீஸ் பழக்கம் இது. கிளப்புக்கு வந்த இந்தக் கடிதத்தையும் சிவப்பு நாடா கட்டிக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். என் புத்தி அப்படி ஓடவில்லை. அவர் படித்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார், "பார்க்கலாம்" என்றார்.

எட்டாவது ஆட்டம். துரை சொன்னபடி வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் முதலில் பந்து போட வேண்டியிருந்தது. கையில் புதுப் பந்தோடு பெரிய கிராணி நின்றபோதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டு ஓவர் போட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பத்து ஓவர் போட்டார். அவருக்குப் பிறகு வாதக்காரர், அவருக்குப் பிறகு கண்ணாடிக்காரர். எதிரணிக்கு ஒரு விக்கெட்கூட விழாமல் ரன் ஏறியது. பியூன் தூரத்தில், எல்லைக் கோட்டருகே நின்றார். ஒவ்வொரு ஓவர் முடியும்போதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேப்டனைப் பார்ப்பார். கேப்டன் வேறு பக்கம் பார்ப்பார்.

டீ இடைவேளை வந்தது. பெரிய கிராணி இவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, தொரைக்கு டீ கொண்டா. யூனிஃபார்ம் கோட்டைப் போட்டுக்கிட்டு வா. இப்படியேவா தொரை முன்னால வந்து நிப்பே?"

வெள்ளைச் சட்டைக்கு மேலே பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, நானா கடையிலிருந்து தட்டில் டீ ஏந்தி வந்தார். பெரிய கிராணி துரையின் வலது பக்கம் நின்றார். நான் ஸ்கோர் புத்தகத்தோடு இடது பக்கம் நின்றேன். துரை தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, "அந்தப் பந்துவீச்சாளன் எங்கே? இதுவரை போட்டவர்களில் ஒருவனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரிய கிராணி கண் இமைக்காமல் சொன்னார்: "அவனுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை துரை. வரவில்லை."

தட்டு அசையவில்லை. தட்டை ஏந்தியிருந்தவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தேன்.

துரை டீயைக் குடித்தார், கோப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார், "பரிதாபம்" என்றார், போய்விட்டார். அவருடைய கார் வளைவில் மறைந்த பிறகு ஆட்டம் தொடங்கியது. அப்போது பெரிய கிராணி பந்தை இவரிடம் தூக்கிப் போட்டு, "இந்தா, நீ போடு" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் ஏழு விக்கெட் எடுத்தார். ஒரு தடவையும் சிரிக்கவில்லை, யாரிடமும் கை குலுக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் வழக்கமான வரிசையில் பேட் செய்து வழக்கம்போல் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவர் நானா கடைக் குழாயடியில் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று, பெரிய கிராணியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவி என்றேன், இவன் உருப்படுவானா என்றேன். அவர் கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு எப்பவும் அப்படித்தான் அண்ணே. அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. தொரை கேக்கும்போது நான் வாயத் தொறந்தா என் வேலை போயிரும், ரெண்டு புள்ளைங்களும் பட்டினி. நீங்க தொறந்திருந்தா ஒரு பிரமோஷன் போயிருக்கும். அவ்வளவுதான் லா."

கோட்டை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை எப்போதும்போல் ஆபீசுக்கு வந்தார். ஆனால் அதன் பிறகு பாடாங் பக்கம் வரவே இல்லை. நான் கூப்பிட்டபோது, முட்டி வலிக்கிறது என்றார்.

துரைக்கு உண்மையை எழுதிவிடலாம் என்று பத்து நாள் நினைத்தேன். காகிதம் எடுப்பேன், யாராவது வருவார்கள், மடித்து வைப்பேன். பதினோராம் நாள் அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக வேறொருவன் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த 'அப்பாடா'வை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரிய கிராணி செத்து எத்தனையோ வருடமாகிறது. கிரிக்கெட் பேச்சு எங்கே எழுந்தாலும் அவரைத் திட்டுவேன். கேட்கிறவர்களும் சேர்ந்து திட்டுவார்கள், எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் துரை கோப்பையை எடுத்த நேரத்திலிருந்து திரும்ப வைத்த நேரம்வரை நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். "உங்களுக்கு டீ கொடுக்கிறாரே, இவர்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?