பதினான்காவது ஊக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலில், இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி மேனேஜர், உலோகம் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை வைத்து என்னை மேலிருந்து கீழ்வரை தடவினார். வலது முழங்காலுக்கு வந்ததும் கருவி கத்தியது.

"அங்க என்னங்க இருக்குது?"

"ஸ்க்ரூ. பைக்ல இருந்து விழுந்தப்ப டாக்டர் வச்சது."

"உள்ள வர்றப்ப அதை ரிஜிஸ்டர்ல எழுதுனீங்களா?"

எழுதவில்லை. நீங்களே சொல்லுங்கள்... யாராவது எழுதுவார்களா?

"பின்ன அது எப்படீங்க உள்ள வந்துச்சு?"

என் காலோடுதான் வந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, 'ஸ்க்ரூ - ஒன்று - போட்டோகிராபர் காலுக்குள்' என்று எழுதிக்கொண்டார். இத்தனைக்கும் நான் அங்கே போனது ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுக்க!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு என் பிழைப்பு தெரியும். முகூர்த்த மாதத்தில் கல்யாணம். ஆடியிலும் மார்கழியிலும் ஹோட்டல்காரர்களின் பிரியாணி, பரோட்டா. நடுவில் யாராவது சினிமா எடுத்தால் ஸ்டில்ஸ், டூரிஸ்ட் கம்பெனி கூப்பிட்டால் அருவி. திருப்பூரில் இருப்பதால் மிச்ச நாளெல்லாம் டீ-ஷர்ட் கேட்லாக்.

இந்த ஜோடி கொஞ்சம் வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படத்துக்கு எல்லோரும் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போவார்கள். பனி வேண்டும், ஏரி வேண்டும், ஒரு குதிரையாவது வேண்டும். இவர்கள் தாங்கள் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே எடுக்கச் சொன்னார்கள்.

காரணம் இருக்கிறது. மணப்பெண் ஸ்டெல்லா அங்கே ஊசிக்குப் பொறுப்பாளர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குடும்பமே பனியன் வேலைக்காக இங்கே வந்துவிட்டது. மாப்பிள்ளை டேனியல் பொங்கலூர்க்காரர், அதே கம்பெனியில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டைலர். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போய்ப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து ரிஜிஸ்டரில் ஒட்டி, ஊசி முழுசாக வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. துண்டு குறைந்தால் அந்த லைன் முழுக்க நிற்கும்.

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் டேனியல் பதினேழு ஊசி உடைத்திருக்கிறார்.

"வேணும்னே உடைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு தானா உடைஞ்சதுங்ணா" என்றார்.

அந்தப் பதினேழும் ரிஜிஸ்டரில் இன்னமும் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் கையெழுத்து, இவர் கையெழுத்து. பதிவு அலுவலகம் இனிமேல் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி. ஆனால் பேக்கிங் ஹாலில் ஷிப்மென்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற கைக்குழந்தைச் சட்டைகள், நாற்பது அட்டைப் பெட்டி. மதியம் இரண்டு மணிக்குத் தூத்துக்குடி போகிற லாரி. அந்த ஹாலுக்குள் ஒரு குண்டூசிகூட எழுதாமல் போகக் கூடாது. பட்டுப்புடவையில் வந்த ஸ்டெல்லா வாசலில் நின்று தன்னைத் தானே சோதனை போட்டு எழுதினார். வளையல் எட்டு. தோடு இரண்டு. ஊக்கு பதினான்கு.

"கல்யாணப் பொண்ணுக்குமாங்க?" என்றேன்.

"குத்துறப்ப ஊக்குக்குத் தெரியுமா அண்ணாச்சி, யாரு வச்சிருந்ததுன்னு?" என்றார்.

டேனியலுக்கு ஒரு ஆசை. அந்தக் குழந்தைச் சட்டைகளை ஹேங்கரில் மாட்டி, பின்னால் பெரிய இதயம் மாதிரி தொங்கவிட்டு, முன்னால் இருவரும் நிற்க வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் பெரிய மெஷினில் சோதனை முடிந்து 'பாஸ்' ஆன சட்டைகள். படம் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை மெஷினில் விட்டுத்தான் பேக் செய்யணும் என்று ஸ்டெல்லா நிபந்தனை போட்டார். எல்லோரும் தலையாட்டினோம். இதயம் தொங்கியது. நானும் அரை மணி நேரம் ஓடி ஓடி எடுத்தேன்.

ஸ்டெல்லா புடவை மாற்றப் போனார். லாரி வந்துவிடுமே என்ற பதற்றத்தில் பேக்கிங் ஆட்கள் இதயத்தைக் கழற்றி, கலர் வாரியாகப் பெட்டியில் போட்டு, டேப்பும் ஒட்டிவிட்டார்கள். மெஷினில் விடவில்லை. 'ஏற்கெனவே பாஸ்தானே' என்று ஒரு நினைப்பு.

கால் மணி கழித்து சுடிதாரில் வந்த ஸ்டெல்லா வாசலில் ஊக்குகளைக் கொட்டி எண்ணினார். திரும்ப எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"பதிமூணுதான் இருக்கு. படத்துக்கு முந்தானைய விரிச்சு விட ஒண்ணைக் கழட்டி மேஜையில வச்சேன். இப்ப அங்கன இல்ல."

அவ்வளவுதான். கதவு சாத்தியாகிவிட்டது. யாரும் வெளியே போகக் கூடாது. நீளமான குச்சியில் காந்தம் கட்டித் தரையைப் பெருக்கினார்கள். பட்டுப்புடவையை மெஷின் பெல்ட்டில் படுக்கவைத்து அனுப்பினார்கள். அது மரியாதையாகச் சத்தமில்லாமல் மறுபக்கம் போய் இறங்கியது. டேனியலின் ஷூ கத்தியது. என் பை கத்திய கத்தில் மெஷினே நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் என் முழங்கால்.

ஊக்கு இல்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. நாற்பது பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக மெஷினில் விட வேண்டும் என்றார் ஸ்டெல்லா.

டேனியல் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் போனார். "போச்சாது உடு ஸ்டெல்லா. ஊக்கு எங்கயாச்சும் கீழ உழுந்து போயிருக்கும். ஊட்டுல இருந்து வேறொண்ணு கொண்டாந்து ரிஜிஸ்டர்ல ஒட்டிப்போடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

மேனேஜர் சட்டென்று மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு எதுவும் காதில் விழவில்லையாம்.

ஸ்டெல்லா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லுதீங்களா?"

"அப்படியில்ல... அடுத்த வாரம் தாராபுரத்துல கல்யாணம். இப்பப் போயி..."

"இந்தச் சட்டைய நாளைக்கு நம்ம பிள்ளைக்குப் போடுவீங்களா?"

டேனியல் பார்வையைப் பெட்டிகள் பக்கம் திருப்பினார்.

"அந்த ஊக்கு கிடைக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க" என்றார் ஸ்டெல்லா. சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் புரிந்தது.

இந்த இடத்தில் உங்கள் பத்தி எழுத்தாளர் என்ன செய்துகொண்டிருந்தார்? உதவி செய்கிறேன் பேர்வழி என்று கேமராவில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை எதிலாவது தெரிகிறதா என்று...

முதல் பத்துப் படங்களில் இதயத்தின் வலது பக்கம் ஒரு மஞ்சள் சட்டை தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பதினோராவது படத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்லாக்கில் நீங்கள் பார்க்கிற டீ-ஷர்ட் எதுவும் எந்த மனிதனுக்கும் அப்படிப் பொருந்தாது. முதுகுப் பக்கம் ஏழெட்டு கிளிப் இருக்கும். பிரியாணியில் எழும் ஆவிக்குப் பின்னால் வெந்நீரில் முக்கிய பஞ்சு இருக்கும். அருவிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் குப்பை இருக்கும். சினிமா ஹீரோ ஸ்டூல் மேல் நிற்பார். இருபது வருஷமாக இதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. எது தொங்கினாலும் கை தானாகப் போய் எதையாவது எடுத்துக் குத்திவிடும். என்னிடம் அனுமதியெல்லாம் கேட்காது.

மேஜையில் ஒரு ஊக்கு கிடந்தது. சட்டை தொங்கியது. கை போய்விட்டது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை. கேமராவை ஆஃப் செய்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் டேனியல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜரிகை வைத்த மாப்பிள்ளைக் கோட்டு. சுற்றிலும் அட்டைப் பெட்டி. கட்டரை வைத்து முதல் பெட்டியின் டேப்பை அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, மெஷின் பக்கம் நகர்த்தினார். ஸ்டெல்லா மறுமுனையில் நின்று வாங்கி அடுக்கினார்.

முதல் பெட்டி வெள்ளை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவது வெள்ளை. மஞ்சள் பெட்டிகள் கடைசி வரிசையில், முப்பத்து நாலாம் நம்பருக்கு அப்பால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஊக்கு மஞ்சளில்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த வேகத்தில் போனால் அங்கே சேர ராத்திரியாகும்.

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை செய்கிறார். ஒரு பையன் கல்யாணம் நடக்குமா என்று தெரியாமல் சட்டை தடவுகிறார். இதைப் பார்த்த எனக்கு மனச்சாட்சி குத்தியது. குத்தியதும் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தந்திரம் செய்தேன்.

"ஏங்க, எதுக்கும் மஞ்சள் கலரை முதல்ல பார்த்துடலாமே?" என்றேன். ரொம்பச் சாதாரணமாக. பால் வாங்கி வரச் சொல்கிற தொனியில்.

ஸ்டெல்லாவின் கை நின்றது.

"ஏன் அண்ணாச்சி மஞ்சள்?"

"சும்மாதான்... மங்களகரமா இருக்குமேன்னு..."

தினம் நூறு டைலர்கள் ஊசி உடைத்துவிட்டுச் சொல்கிற கதைகளைக் கேட்கிறவர் அவர். என்னை இரண்டு விநாடி பார்த்தார். அதற்கு மேல் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேனேஜர் ஃபேனை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். டேனியல் கட்டரோடு எழுந்து நின்றார். அந்தக் கட்டர் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

முப்பத்தாறாம் நம்பர் பெட்டி. பதினொன்றாவது சட்டை. மெஷின் கத்தியது. தோள்பட்டைத் தையலுக்குப் பின்னால், உட்பக்கம், அழகாகக் குத்தி வைத்திருந்தேன். ஒன்பது மாதக் குழந்தையின் கழுத்து வருகிற இடம்.

இதயத்தில் தொங்கிய மிச்சச் சட்டைகளையும் மெஷினில் விட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப ஆதாரப் படம் வேண்டும் என்றார் மேனேஜர். ஜோடிக்காகக் கொண்டுபோன லைட்டையெல்லாம் அந்த ஊக்குக்கு வைத்து, நாலு கோணத்தில் எடுத்துக் கொடுத்தேன். என் படங்களிலேயே கடல் தாண்டிப் போகப் போவது அதுதான். லைட்டிங் நன்றாகவே வந்திருக்கிறது. லாரி ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

ஸ்டெல்லா ஊக்கை ரிஜிஸ்டரில் ஒட்டினார். டேனியல் கோட்டிலிருந்த நூல் பிசிரைத் தட்டிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் சொன்னது தப்புதான் ஸ்டெல்லா. இப்பக் கல்யாணத்தப் பத்திப் பேசலாமா?"

"பேசலாம்" என்றார் ஸ்டெல்லா. அவ்வளவுதான். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு உயிர் வந்தது. மெதுவாகப் பையைத் தோளில் மாட்டினேன். வாசலுக்கு இரண்டடி இருக்கும்போது, "அண்ணாச்சி" என்று குரல்.

ரிஜிஸ்டரைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பெயர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"தெரிஞ்சதும் ஏன் சொல்லலைன்னும் எழுதுங்க."

"அதுக்குக் கட்டமே இல்லைங்களே?"

"ஓரத்துல எழுதுங்க."

யோசித்தேன். 'கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு உருகியது.

ஸ்டெல்லா குனிந்து படித்தார். "கல்யாணம் நின்னுக்கிட்டு இருந்தப்பத்தான் நீங்க தண்ணி குடிக்கப் போனீங்க. இது பொய்யி. அடிச்சிட்டு எழுதுங்க."

அடித்தேன். 'என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்' என்று எழுதினேன்.

பக்கத்தில் ஒரு டிக் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பத்தியையும் அவரிடம் கொடுத்துச் சரிபார்த்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்... எத்தனை வரி தேறும் என்ற பயத்தில் நேராக உங்களுக்கே அனுப்பிவிட்டேன்.