நைனாவுக்கு விழுந்த சந்து

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துப் பெரிய கடையில், நகரும் படிக்கட்டுக்கு முன்னால் நான் செருப்பைச் சரிசெய்துகொண்டே வெகுநேரம் நின்றதைப் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் மேலே நின்று கைதட்டிச் சிரித்தீர்கள். சிரித்தது தப்பில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். செருப்பில் ஒரு கோளாறும் இல்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். திரும்பி வரும்போது, ரயில் அனுப்பம்பட்டில் நின்ற நேரத்தில், எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. வாயால் சொன்னால் நடுவில் ஆயிரம் கேள்வி கேட்டு என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நாங்கள் கோட்டைக்குப்பத்தில் இருந்தோம். பெரிய புயல் ஒன்று வந்தது. எங்கள் குப்பத்தில் சில கூரைகளைப் பிய்த்தது, கொஞ்சம் வலைகளைக் கிழித்தது, அவ்வளவோடு விட்டது. மழையை எல்லாம் பட்டணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தது போலிருக்கிறது. அங்கே தெருத்தெருவாகத் தண்ணீர் ஏறி, வீட்டு மாடிகளில் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். படகும் வேண்டும், படகு தள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று குப்பத்துக்குச் சேதி வந்தது. கடல் இன்னும் அடங்கவில்லை, எப்படியும் தொழில் இல்லை. ஊர் கூடிப் பேசி, சாப்பாட்டைத் தவிர எதுவும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்து, லாரிகளில் படகுகளை ஏற்றினார்கள்.

நைனா கிளம்பினார். நைனா என்றால் உங்கள் தாத்தா. சின்ன மாமாவும் கிளம்பினார். சின்ன மாமா அம்மாவின் தம்பி. அவர் இருக்கும் இடத்தில் வேறு யாரும் பேச வேண்டிய அவசியம் இருக்காது. மூன்றாவதாக நானும் கிளம்பினேன். ஏன் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் பொன்னேரியில் வளர்கிறவர்கள், லீவுக்குத்தான் குப்பத்துக்கு வருகிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. குப்பத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் மண்டை உடையும். அதனால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று குலுக்கி எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆளுக்கொரு அடையாளம் கொண்டுவந்து ஒரு மஞ்சப் பையில் போடுவார்கள். ஒருவர் சோழி போடுவார், ஒருவர் சட்டைப் பொத்தான் போடுவார். நைனாவுடையது வலையில் கட்டுகிற ஈயக்குண்டு, ஒரு பக்கம் நசுங்கியது. இடத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு சின்னப் பிள்ளை பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுக்கும். எடுத்தது யாருடையதோ அவருக்கு அந்த இடம். பிள்ளையின் கைக்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. அந்த வருஷம் அந்தக் கை என்னுடையது.

பட்டணத்திலும் தெருக்களைப் பாடு வைத்தே பிரித்துக்கொள்வது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் எல்லாப் படகும் ஒரே தெருவில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், அடுத்த தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு கிடப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மா சண்டை போட்டாள். "சீட்டு எடுக்க அவ்ளோ பெரிய பட்டணத்துல ஒரு பிள்ள கெடைக்காதா?"

"பட்டணத்துப் பிள்ளைங்க கையை நம்ப முடியாதுக்கா. தடவிப் பாத்தே எது யாருதுன்னு ஒரு தடவைல கத்துக்கும்" என்றார் சின்ன மாமா. என்னைப் புகழ்ந்தார் என்று நினைத்து நான் லாரியில் ஏறிக்கொண்டேன்.

பட்டணத்தில் ஒரு மேம்பாலம்தான் எங்களுக்குக் கரை. பாலத்தின் சரிவு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் படகுகளை இறக்கினார்கள். பக்கத்திலேயே மேட்டில் ஒரு கல்யாண மண்டபம். மீட்டவர்களை அங்கே விட வேண்டும். குப்பையும் ஒயரும் சுற்றிக்கொள்ளும் என்று எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, கழி ஊன்றித்தான் படகைத் தள்ளினார்கள். அந்தப் பகுதி இளைஞர் ஒருவர் தெருப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, நான் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். சின்ன மாமாவுக்குக் கடைத்தெரு விழுந்தது. அங்கே மாடிக்கு மாடி ஜனம், பத்திரிகைக்காரர்கள் வேறு. நைனாவுக்கு என் கை எடுத்தது ஒரு முட்டுச் சந்து.

அந்தச் சந்தில் இருந்தவர்கள் எல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். கடைசி வீட்டு மாடியில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். கட்டம் போட்ட லுங்கி, காதுவரை மீசை, நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"வாங்க சார், போலாம்" என்றார் நைனா.

"வேற யாராவது கஷ்டப்படுவாங்க, அவங்களப் போய்ப் பாருப்பா. நான் வூட்டுக்குக் காவல் இருக்கேன்."

எங்கள் படகு சுவரில் லேசாக இடித்தது. அவர் சட்டென்று மாடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நானும் பார்த்தேன். இடித்தது அவர் சுவர், அதனால் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நைனா ரொட்டிப் பொட்டலத்தைக் கழி நுனியில் மாட்டி மேலே கொடுத்தார். காலிப் படகோடு திரும்பினோம்.

மண்டபத்து வாசலில் அவருடைய வீட்டம்மா நின்றிருந்தார், இடுப்பில் ஒரு பிள்ளை. காலிப் படகைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. "வரலியாங்க? அப்படி இன்னாதான் இருக்குது அந்த வூட்ல? கல்யாணப் பந்தல் போடுறவருங்க அவரு. பனமர உசரத்துக்குக் கொம்பு நட்டு உச்சியில ஏறிக் குந்திக்குனு கயிறு கட்டுவாரு. இந்தப் படில எறங்கி வர அவருக்கு இன்னா கேடு?"

மறுபடியும் போனோம். மறுபடியும் காவல் என்றார். அதற்குள் சின்ன மாமா மூன்றாவது தடவையாகப் படகு நிறைய ஜனத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எங்களைத் தேடி அந்தச் சந்துக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், உள்ள புதையலா? நீங்களா வர்றீங்களா, நான் ஏறி வந்து மூட்ட மாதிரி தூக்கினு வரட்டுமா?" என்று கீழிருந்து கத்தினார். கத்தியதோடு விடாமல், விளையாட்டாகத் தன் படகை இரண்டு காலாலும் மிதித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். மேலே இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலம்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. வெறும் படகோடு நாங்கள் பாலத்துக்கு வந்தபோது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படி ஒரு சந்தை எடுத்துக் கொடுத்த கை என்னுடையதல்லவா.

மறுநாள் காலையில் மைக்கில் அறிவித்தார்கள். பட்டணத்துக்கு மேலே இருக்கும் ஏரியைத் திறந்துவிடப் போகிறார்கள், சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு ஆள் உயரம் தண்ணீர் ஏறும், மிச்சம் இருப்பவர்களை மதியத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வீட்டம்மா வந்து நைனாவின் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுபடியும் பாடு எடுத்தோம். இந்தத் தடவை நைனாவுக்கு நல்ல தெருவாக வர வேண்டும் என்று நான் எங்கள் எல்லையம்மனை வேண்டிக்கொண்டு கையை விட்டேன். கடைத்தெருவுக்குச் சோழி வந்தது. அடுத்ததற்குப் பொத்தான். ஒவ்வொன்றாக வந்தது, ஈயக்குண்டு மட்டும் வரவில்லை. கடைசியாக அந்த முட்டுச் சந்தின் பெயரைச் சொன்னார்கள். கையை விட்டேன். பை காலி. உதறிப் பார்த்தேன், பையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தொலைச்சிட்டியாடா?" என்றார் சின்ன மாமா. "போச்சு. இனிமே ஏரியிலயும் உங்க நைனாவுக்கு எடம் கெடையாது. உங்க அம்மா உன்ன வறுத்து எடுக்கப்போறா."

நைனா தன் லுங்கி மடிப்பை அவிழ்த்து ஈயக்குண்டைக் காட்டினார். "நான் போடவே இல்ல. அந்தச் சந்து எனக்கே இருக்கட்டும்."

"அது எப்டி? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?" என்றார் பெரியவர் ஒருவர்.

"நல்ல எடத்தப் புடிச்சிக்கினாதான தப்பு? இது எறாலே விழாத எடம்தான?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. என் கை மேல் நைனாவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எனக்கு வருத்தம். அந்தச் சந்து சின்ன மாமா மாதிரி ஒருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று நைனா அவரை வாருங்கள் என்று கூப்பிடவே இல்லை. அந்த வீட்டுக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. பாதிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. படகை மெதுவாகப் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "சார், ஒரு ஒத்தாச" என்றார். "நீங்க பந்தல் போடுறவராமே. இந்தப் படகு நிக்க மாட்டேங்குது, இழுத்துக்கினே போவுது. ஆடாம அசையாம இருக்கறா மாதிரி ஒரு கட்டு போட முடியுமா?"

கதவு திறந்தது. அவர் எட்டிப் பார்த்தார். நைனா ஏதோ ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கேவலமான முடிச்சை நைனா அதற்கு முன்னும் பின்னும் போட்டு நான் பார்த்ததில்லை. நைனாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்.

"அட, அது கட்டா? ஒரு காத்துக்குத் தாங்காது" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு படி இறங்கினார். பிறகு இன்னொரு படி. கயிற்றை வாங்கிப் படிக்கட்டுக் கம்பியில் குறுக்கும் நெடுக்கும் சுற்றி இழுத்தார். படகின் தலைப்பக்கம் ஒரு கட்டு, வால்பக்கம் ஒரு கட்டு. கையால் படகை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. காலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். நைனா அவசரமே இல்லாத மாதிரி கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று நான் வாயைத் திறந்தேன். நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு காலைப் படகுக்குள் வைத்தார். பிறகு அடுத்த கால். நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து விளிம்பையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கட்டு சார் இது. நீங்க சொன்னாத்தான் அவுக்கணும்" என்றார் நைனா.

அவர் மூச்சை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவுத்து வுடு" என்றார்.

நைனா கழியை ஊன்றியது தண்ணீருக்கே தெரியவில்லை. சந்து முழுக்க அவர் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கோ ஆச்சரியம். அவ்வளவு பெரிய மனுஷர், ஏறிய உடனே இப்படியா?

"நைனா, சார் தூங்குறாரு" என்றேன்.

"ராத்திரி முழுக்கக் காவல் இருந்தாருல்ல, தூங்கட்டும். நீ சத்தம் போடாத."

பாலத்துச் சரிவில் படகு தட்டியதும்தான் அவர் கண்ணைத் திறந்தார். அவருடைய வீட்டம்மா முட்டியளவு தண்ணீரில் ஓடி வந்து, வாய் நிறையத் திட்டிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நைனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"படகு கொஞ்சம்கூட ஆடலப்பா" என்றார்.

"நீங்க கட்டுன கட்டு சார்" என்றார் நைனா.

கட்டைத்தான் அங்கேயே அவிழ்த்துவிட்டோமே என்று நான் சொல்ல வந்தேன். நைனா என் தலையில் கையை வைத்து அழுத்தினார்.

சாயங்காலம் சொன்னபடியே தண்ணீர் ஏறியது. அந்தப் படிக்கட்டு முழுக்க முங்கிவிட்டது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது, லாரியில் படகுக்குள்ளேயே உட்கார்ந்து வந்தோம். யார் யார் எத்தனை பேரைக் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு. "எங்க மாமா ஒருத்தரக் கொண்டாந்தாரு. அதுவும் ரெண்டு நாளா" என்றார் சின்ன மாமா. லாரியே சிரித்தது. நைனாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நைனாவின் காதோரம் போய், அந்த ஆள் ஏன் முதல் நாளே வரவில்லை என்று கேட்டேன்.

"அவருக்குப் படகுன்னா பயம்டா. நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"படகுல இன்னா நைனா பயம்?"

"எனக்கும் தெரியலடா. ஆனா இருக்குது" என்றார் நைனா.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவரவர் நைனாவின் கணக்கைச் சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். நைனா இருந்திருந்தால், உங்களிடம் சொல்லலாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த நகரும் படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும்வரை எனக்கு அந்த விஷயம் பிடிபடவே இல்லை. நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எங்களைப் படகில் போட்டுவிடுவார்கள். தொட்டில், பாய், படகு எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். பாயைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? அப்போது ஊருக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம், எல்லோரும் வலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் மட்டும் ஏரிக்கரைக்குப் போனேன். எங்கள் படகு கட்டிக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏறினேன். அவர் உட்கார்ந்த அதே நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து விளிம்பையும் அவரைப் போலவே இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டேன். பயம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உடம்பைச் சாய்த்து நானே படகை இப்படியும் அப்படியும் பலமாக ஆட்டிப் பார்த்தேன்.

ஆட ஆட எனக்குத் தூக்கம்தான் வந்தது.