செவலைக்காக வெட்டிய காசு

2005-ஆம் வருடம், யுகாதி சமயம். நாங்கள் ஓசூருக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பிறந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை. ராகி விளைந்த நிலங்களை எல்லாம் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு மனையில் கட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கம் காலி மனை. பக்கத்து வீட்டில், ஒரு காலத்தில் அந்த நிலத்தையே உழுதவர்கள் வழி வந்த ஒரு தெலுங்குக்காரப் பையனும் அவன் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவனுக்கும் கம்பெனி வேலைதான்.

காலி மனையைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கோழி வாங்கலாம் என்றேன். கோழி மேய்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு லீவு நாளில் அவரே என்னைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். மூன்று பெட்டைக் குஞ்சுகளை வாங்கிக் கட்டைப் பையில் வைத்து பஸ் ஏறினோம். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேலி செய்தார். அந்த மூன்றில் ஒன்றை நாய் கொண்டுபோனது. ஒன்று கழிச்சல் வந்து செத்தது. மிச்சம் இருந்ததுதான் செவலை.

நிறத்தை வைத்து நான் கூப்பிட்ட பெயர் அது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பேன். செவலை வந்து மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். நான் மிதிக்கும்போது கால் கட்டைவிரலை லேசாகக் கொத்தும். நிறுத்தினால் தலையைச் சாய்த்து, ஏன் நிறுத்தினாய் என்பதுபோல் பார்க்கும். வெட்டுத்துணி போடும் கூடையில்தான் முட்டையிடும். இட்டுவிட்டு அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, தெருவுக்கே தண்டோராதான். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் செவலையோடுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த வருடம் யுகாதிக்கு முன்னால் இரண்டு வாரமாகக் கூடையில் முட்டை இல்லை. வெயில் தாங்காமல் முட்டையை நிறுத்திவிட்டது என்று நினைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். யுகாதிக்கு மறுநாள் சாயங்காலம், பஞ்சாரத்தில் போட்டு மூடலாம் என்று கூப்பிட்டால் செவலையைக் காணோம். இருட்டும் வரைக்கும் "பா, பா" என்று கத்திக்கொண்டு காலி மனை முழுக்கச் சுற்றினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

யுகாதிக்கு மறுநாள் இங்கே உள்ளவர்கள் வீட்டில் கறி சமைத்தே ஆகவேண்டும். அது அவர்கள் வழக்கம். செவலை காணாமல் போன மறுநாள் காலையில் குப்பை கொட்டப் போன நான், பக்கத்து வீட்டுக் குப்பையில் பார்த்தேன். செக்கச் செவேல் என்று இறகுகள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சுவர் ஓரம் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அந்தப் பெண் வெளியே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அப்போது ஐந்து மாதம். தங்கள் வீட்டுச் சேவலைத்தான் அறுத்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சேவலும் சிவப்பாக இருக்கலாமே என்பது என் மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தின வருடம் அவளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தபோது, ஒரு வாரம் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள் அவள். ஒரு கோழி இறகு அத்தனையையும் மறைத்துவிட்டது.

சத்தம் போட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. திருட்டுக் கொடுத்தவர்கள், கேட்க நாதியில்லை என்றால், கோயிலில் போய்க் காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு காசை இரண்டாக வெட்டி அம்மன் முன்னால் போட்டு, எனக்கு அநியாயம் செய்தவர்கள் குடும்பம் இப்படிப் போகட்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஊரில் பூசாரி உளி வைத்து ஒரே அடியில் வெட்டுவார். இங்கே எனக்கு ஏது உளி? வீட்டுக்காரரின் டூல் பாக்ஸில் ஹாக்ஸா பிளேடு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, எங்கள் மனைகள் முடிகிற இடத்தில் வேப்பமரத்தடியில் இருக்கும் மாரம்மா கோயிலுக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத உச்சி வெயிலில் போனேன்.

ஒரு ரூபாய்க் காசு லேசில் அறுபடுமா? அரை மணி நேரம் உட்கார்ந்து கரகரவென்று அறுத்தேன். பாதிக்கு மேல் போனதும் பிளேடு உடைந்துவிட்டது. பாதி வெட்டுப்பட்ட காசை அம்மன் கல்லுக்கு அடியில் தள்ளினேன். என் செவலையைத் தின்ற வயிறு விளங்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆமாம், வயிறு என்றுதான் சொன்னேன். அவள் வயிற்றில் என்ன இருந்தது என்று தெரிந்தும் சொன்னேன்.

அதன் பிறகு அவள் இரண்டு முறை என் வாசலுக்கு வந்தாள். அக்கா என்று கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு முறையும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். மூன்றாவது முறை அவள் வரவில்லை. மெஷினுக்கு அடியில் கால் விரலைக் கொத்த ஆள் இல்லாமல், தைக்கப் பிடிக்காமல், நானும் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். காலையில் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பின்பக்கம் கீச்சுக் கீச்சென்று சத்தம். அவர்கள் வெந்நீர் அடுப்புக்காகக் கம்பெனியில் கழிக்கிற பேக்கிங் பெட்டிகளை வாங்கி மலைபோல் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்குக்குப் பின்னாலிருந்து, சுவரின் உடைசல் வழியாக, ராணி மாதிரி வருகிறது என் செவலை. இளைத்துப்போய், கொண்டை வெளுத்து, ஆனால் நடையில் அந்த மிடுக்கு மட்டும் குறையாமல். பின்னால் ஒன்பது குஞ்சுகள்.

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுத்த நிமிடம் அந்தக் காசு ஞாபகம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், கையில் ராகி போட்ட தட்டோடு. முகத்தில் கோபம் இல்லை. குஞ்சுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள். எட்டு, பத்து நாளிலேயே பெட்டிக்குள் கோழி அடைகாப்பதைப் பார்த்துவிட்டாளாம். அதைச் சொல்லத்தான் என் வாசலுக்கு வந்தாளாம். நான் கதவைச் சாத்திய பிறகு யோசித்திருக்கிறாள். இந்த ஆத்திரத்தில் இருக்கிறவள் விஷயம் தெரிந்தால் ஓடிவந்து கோழியைத் தூக்கிக்கொண்டு போவாள், அடை கலைந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். அதனால் தினமும் பெட்டிக்குப் பக்கத்தில் ராகியும் தண்ணீரும் வைத்து, தன் வீட்டுக் கோழிகளை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டு, திருடிப் பட்டத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

"அடையில படுத்துகினு இருக்கறத எழுப்பக் கூடாதுக்கா. பாதியில போனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மன்னித்துவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் காசு வெட்டியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ரகசியமாகப் போய்க் காசை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்கும் பயம். எங்கள் பக்கத்தில், வெட்டிய காசை வெட்டியவர் தனியாக எடுத்தால் செல்லாது. யார்மேல் வெட்டினோமோ அவர்களும் கூட வரவேண்டும், இரண்டு பேரும் சமாதானம் ஆனோம் என்று சொல்லவேண்டும். அப்படியானால் அவளிடம் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைத்தாச்சியிடம் போய், உன் வயிறு விளங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் இப்படியே ஓடியது. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோ சத்தம். அவளுக்கு அடிவயிற்றில் வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அன்றைக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. சோறு இறங்கவில்லை. செவலை குஞ்சுகளோடு வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உன்னால்தானே எல்லாம் என்று அதைத் திட்டினேன். அது என்ன செய்யும் பாவம்? அது அதன் வேலையைப் பார்த்தது. நான்தான் என் வேலையைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்துவிட்டாள். பயப்பட ஒன்றும் இல்லை, கனம் தூக்காமல் ஓய்வாக இருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதாக அவள் புருஷன் சொன்னான். அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து, ஹாக்ஸா பிளேடு முதல் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். வயிறு என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. வெளியே போ என்று சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. எந்தக் கோயில் என்று கேட்டாள். வேப்பமரத்து மாரம்மா என்றேன். என்ன பாஷையில் சொன்னீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வேறென்ன பாஷை தெரியும், தமிழில்தான் சொன்னேன் என்றேன்.

அவள் மூச்சை நீளமாக விட்டாள்.

"அப்ப ஒண்ணும் ஆகாதுக்கா. அது எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க அம்மா. அதுக்குத் தெலுங்குதான் தெரியும்."

என்னைத் தேற்றச் சொன்னாளா, தன்னையே தேற்றிக்கொண்டாளா, நிஜமாகவே நம்பித்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது. நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

ஒரு வாரம் ஓய்வெடுத்த பிறகு, மெதுவாக அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கல்லுக்கு அடியிலிருந்து காசை எடுத்தேன். ஆற்றில் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. காசை வாங்கிக் குழாயில் கழுவினாள். முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, அந்தப் பாதி வெட்டுப்பட்ட காசையே அதில் முடிந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேப்பங்கிளையில் கட்டி, அம்மனிடம் தெலுங்கில் நிறையச் சொன்னாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நடுவில் "அக்கா" என்று இரண்டு தடவை வந்தது. நான் வாயைத் திறக்காமல் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்து வந்த மூன்று மாதமும் அவள் ஒரு குடம் தூக்க நான் விடவில்லை. அவள் தும்மினாலும் சுவரைத் தாண்டி எட்டிப் பார்ப்பேன். ஆடி மாதக் கடைசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னபோது, அவள் புருஷனுக்கு முன்னால் நான்தான் உட்கார்ந்து அழுதேன். அவன் குழப்பத்தோடு பார்த்தான். அவள் அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு கொடுக்க வேண்டுமே என்று, அந்த ஒன்பதில் நன்றாக வளர்ந்திருந்த ஒரு சேவலைப் பிடித்துக் கொண்டுபோனேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். இது நம் வீட்டு அடையில் பொரிந்தது, நான் எப்படித் தின்பேன் என்று கேட்டாள். அதுவும் சரிதான் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டு, வீட்டுக்காரரை அனுப்பிக் கடையில் வேறு கோழி வாங்கினேன். சாமி வந்த மாதிரி நீங்கள் இரண்டு பேரும் செய்கிற கூத்து தாங்கவில்லை என்று அவர் முனகிக்கொண்டே போனார். குஞ்சுகளில் ஐந்தை அவள் வைத்துக்கொண்டாள், நாலு எனக்கு. செவலை மட்டும் இரண்டு வீட்டிலும் தின்றுகொண்டு, முட்டையை இஷ்டப்பட்ட வீட்டில் இட்டுக்கொண்டு திரிந்தது.

அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னைப் பெரியம்மா என்கிறாள், அதுவும் நல்ல தமிழில். சாயங்காலம் என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை தைக்கிறாள். சில சமயம் என் கால் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளிவிட்டு ஓடுவாள். அப்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போடும். நான் எத்தனையோ சாமியிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், அந்தச் சாமிகளும் எத்தனையோ கொடுத்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு உச்சி வெயிலில் நான் கேட்டதைக் காதில் வாங்காமல் இருந்த அந்த மாரம்மாவுக்குத்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் விளக்கு ஏற்றுகிறேன்.