வாங்கு நேரத்தில் நின்றுபோன பெட்டி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதில் மாமி வீட்டில் இருக்கிறேன். மாமாவை நான் கண்டதில்லை. சுனாமியில் அவரும் போனார், வீட்டிலிருந்த அல்பங்களும் போயின. பிறகு சொந்தக்காரர் வீடுகளில் தேடித்தேடி என் மனைவி சேர்த்த படங்கள்தான் மிச்சம். எல்லாம் யாரோ ஒருவரின் கல்யாணப் படங்கள். ஓரத்தில், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சோற்றுச் சஹனைத் தூக்கிக்கொண்டு மாமா நிற்பார்.

அவற்றை வைத்திருந்த பழைய லெப்டொப் ஒருநாள் கடக் கடக் என்று சத்தம் போடத் தொடங்கியது. ஹாட் டிஸ்க் சாகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. படம் தந்த வீடுகளில் பலரிடம் இப்போது அசலும் இல்லை.

"கடையில குடுத்து ஒரு பென் டிரைவில போடுங்களன்" என்றாள் மனைவி.

எனக்குப் பிடிவாதம். இந்த வீட்டில் ஒரு பென் டிரைவ் ஏற்கெனவே சட்டைப் பையோடு சலவைக்குப் போயிருக்கிறது. ஒபிசில் கழித்த கணினி ஒன்றை வாங்கிவந்தேன். ஒன்று செத்தாலும் மற்றதில் இருக்கும்படி இரண்டு புதிய டிஸ்க் போட்டேன். கிழட்டுப் பெட்டி பாரம் தாங்காது என்பதால் லினக்ஸில் தேவையானதை மட்டும் வைத்தேன். அலங்காரம் இல்லை, மவுஸ் இல்லை, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். படங்களைக் காத்து, வீட்டு டீவிக்கும் போன்களுக்கும் கொடுப்பது ஒன்றே அதற்கு வேலை. டீவி மேசைக்குக் கீழே, டீவியின் பிளக்கிலேயே அதையும் செருகினேன்.

காலையில் லெப்டொப்பிலிருந்து பெட்டிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கிவிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். ஒவ்வொரு நாளும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் லெப்டொப்பில் இன்னும் கொஞ்சம் படங்கள் திறக்காமல் போயின. கரண்டைத் திட்டினேன், லினக்ஸ் எழுதியவர்களையும் விடவில்லை. உள்ளுக்குள் சரியான பயம்.

கடைசியில் லீவு போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டேன். பள்ளிவாசலில் லுஹருக்கு, பகல் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்லத் தொடங்கியது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டு, டீவியைச் சுவர் சுவிட்சோடு அணைத்தார். பெட்டியின் மூச்சும் நின்றது.

வாங்கு கேட்டால் டீவி நிற்கவேண்டும். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் அந்தப் பிளக்கில் செருகியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். வாங்குக்கு மரியாதை செய்த மாமியிடம் என்னத்தைச் சொல்ல? பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறைக்குள் தனிப் பிளக்கில் செருகினேன்.

அன்று பின்னேரம் பிரதி முடிந்தது. சில படங்கள் வரவே இல்லை. வந்தவற்றை டீவியில் போட்டேன். மாமி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். சஹனோடு மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபட்டு மஃரிபுக்கு வாங்கு கேட்டது. மாமியின் கை வழக்கம்போல சுவிட்சுக்குப் போய், அங்கேயே நின்றது.

"இத ஓஃப் பண்ணினா இவர் இன்னொருக்கா வருவாரா, மகன்?"

"ஓம் மாமி. எப்ப போட்டாலும் வருவார்."

அவர் அணைத்துவிட்டு, தொழுமுன் கைகால் முகம் கழுவி வுளூ எடுக்கப் போனார்.