பாக்டீரியா பாடம் நடத்தியவளின் காய்ச்சல்

முதலில் வலித்தது கெண்டைக்கால். வகுப்பில் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால், எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாலையில் காய்ச்சல். இந்த அந்தமான் தீவுகளில் காய்ச்சல் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது மலேரியாதான். ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தது. அப்பாடா என்று படுத்துக்கொண்டேன். அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

கண் சிவந்து, பிறகு மஞ்சளாகி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்த பிறகுதான் என் கணவர் என்னைப் போர்ட் பிளேரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பாக்டீரியா என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் உயிரி. நன்மை செய்பவையும் உண்டு, தீமை செய்பவையும் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வருஷா வருஷம் சொன்னதுதானே.

இளம் மலையாளி டாக்டர் ஒருவர் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் முழுக்க வெடிப்பு. "தண்ணியில இறங்கினீங்களா, டீச்சர்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். இல்லை என்றேன்.

"தினமும் இறங்குறாளே சார்," என்றார் என் கணவர்.

உண்மைதான். சுனாமிக்குப் பிறகு சிப்பிகாட் என்ற எங்கள் ஊர்ப் பக்கம் நிலமே தாழ்ந்துவிட்டது. கடல் ஏறும் நேரத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்போம். அதை நான் தண்ணீரில் இறங்குவதாகவே நினைக்கவில்லை. கடல் தண்ணீர், உப்பில் எந்தக் கிருமி பிழைக்கும், வெடிப்புக்குக்கூட நல்லது என்று பேசிக்கொள்வோம். மழைக்காலத்தில் அது பெரும்பாலும் மழைத் தண்ணீர், எலியும் மாடும் கழிப்பதெல்லாம் அதில்தான் கலக்கிறது என்று இந்த அறிவியல் ஆசிரியைக்குத் தோன்றவில்லை.

"லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) மாதிரி இருக்கு. இது பாக்டீரியா," என்றார் டாக்டர்.

என் கணவருக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ட தினமும் பினாயில் ஊத்தித் துடைக்கிறோம் சார்."

"நான் வீட்டச் சொல்லல. பாக்டீரியான்னா சந்தோஷப்படுங்க. பென்சிலினுக்கு அடங்கும்."

பாக்டீரியா என்ற சொல்லை யாரும் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்லி நான் கேட்டதில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அப்போதே ஊசியை ஆரம்பித்தார். அந்த மனிதரை இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. சிறுநீர் வராவிட்டால் டயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றார்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் கடல் தாண்டி மெயின்லேண்டு ஆஸ்பத்திரி. வேலை, வீடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

டாக்டர் தன் போனில் அந்தப் பாக்டீரியாவின் படத்தைக் காட்டினார். மெல்லிய ஸ்பிரிங் போல, முனை வளைந்து, அழகாகவே இருந்தது. எலியின் சிறுநீரகத்தில் அதற்கு ஒரு தொந்தரவும் தராமல் குடியிருக்குமாம். என் குதிகால் வெடிப்பில் வழி கண்டுபிடித்து உள்ளே வந்திருக்கிறது. வைதுகொண்டேதான் வியந்தேன்.

ஒரு காலையில் ராஞ்சிக்கார நர்ஸ் என் சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஆ கயா, தீதி," என்றாள். வந்துவிட்டது. என் கணவர் அந்தப் பையைப் பார்த்துக் கைகூப்பினார். நான் அழுதேன். இயந்திரம் தேவைப்படவில்லை.

மருந்தில் குடலிலிருந்த நல்ல பாக்டீரியாவும் செத்து வயிறு போனது. தயிர் சாப்பிடச் சொன்னார்கள். அவை இல்லாமல் என்னால் ஒரு வாய்ச் சோறு செரிக்க முடியவில்லை. இந்த உடம்பு நான் ஒருத்தி மட்டும் நடத்தும் குடித்தனம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இதே காய்ச்சலோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீரில் நடந்ததை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். பாடத்தின் நடுவில் பிள்ளைகள், "மிஸ், ஒண்ணுக்கு," என்று எழுந்தால், முன்பெல்லாம் மணி அடிக்கட்டும் என்று உட்கார வைப்பேன். இப்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வாப்பா, நிதானமா வா," என்கிறேன்.